கழுவப்படாத ஒரு சோடிக் கைமரம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. அப்பா தம் தம்பிக்கு, அதாவது என் சித்தப்பாவுக்கு, கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார்: “கூரைக் கரியில ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். கட்டடப் பாதுகாப்புக் கந்தோரில இருந்து பார்க்க வருகினம்.” “ஓம் அண்ணை” என்று பதில் வந்தது.
2. மறுநாள் அப்பா ஜேர்மனியின் ஹம் நகர வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்.
3. நான்காம் நாள் சித்தப்பா, மூன்று நண்பர்களுடனும் அழுத்தத்தில் நீர் பாய்ச்சும் வாடகை இயந்திரத்துடனும் எங்கள் பண்ணைக்கு வந்தார். மாலைக்குள், கூரையைத் தாங்கும் மூன்று சோடிக் கைமரங்களின் கரி தரையில் சேறாகக் கிடந்தது.
4. ஏழாம் நாள் அப்பா காலமானார்.

இவற்றை இந்த நினைவு மலரில் எழுத வேண்டாம், அப்பாவின் நற்குணங்களை மட்டும் எழுது என்று உறவினர் இருவர் கேட்டுக்கொண்டார்கள். அவருடைய குணம் இதற்குள்தான் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தார். போர் தொடங்கியபின் மூன்று முறை வீடு மாறி, நான்காம் முறை நாடு மாறினார். ஜேர்மனியில் அகதி விடுதியில் இருந்தார், உணவகத்தில் கோப்பை கழுவினார், பின்பு ஓய்வு பெறும்வரை உலோகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நின்றார். ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை. பிறர் பிந்தினால் மன்னித்ததும் இல்லை.

நான் பாடசாலையில் படிக்கும்போது ஹம்முக்கு வெளியே இந்தப் பண்ணையைச் சித்தப்பாவுடன் கூட்டாக வாங்கினார். வெளியே பார்த்தால் செங்கல் மாட்டுக்கொட்டில். உள்ளே ஓக் மரத் தூண்கள் ஆறு, விட்டங்கள் மூன்று, கைமரங்கள் ஐந்து சோடி. குடிபுகும்போது கரிக்குக் கீழே பால் காய்ச்சக் கூடாது என்று அப்பாவே முதற் சோடியைத் தேய்த்துக் கழுவினார். கை வலித்ததால் மற்றவை தப்பின.

பல ஆண்டுகளுக்குப் பின், கட்டடத் தொழில்நுட்பம் படித்துக்கொண்டிருந்த நான் அந்த மரங்களை அளந்து வரைந்தேன். அவை மத்திய காலத்து மண்டப வீடொன்றின் எச்சம். ஒரே கூரையின் கீழ் ஒரு முனையில் மனிதர், மறு முனையில் மாடுகள், நடுவே தரையில் நெருப்பு. புகைபோக்கி இல்லை, புகை கூரையில் படிந்து கரியானது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே நெருப்பு எரிந்ததற்கு அந்தக் கரிதான் சான்று என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அப்ப நான் கழுவினது?”

“அதுவும் சான்றுதான், அப்பா.”

அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை, கடைசிச் சோடியின் கீழே பலகை வைத்துத் திருகாணிகளால் மூடினார்.

“ஆரில சந்தேகம் உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“என்னிலதான், பிள்ளை. துப்புரவு எண்டது எனக்கு மருந்தில்லாத ஒரு வருத்தம்.”

சித்தப்பா கட்டடத்தை இடித்து இரண்டு புதிய வீடுகள் கட்ட விரும்பினார். அப்பா மறுத்தார். “விட்டிட்டு வந்த வீடுகள் போதும். நிக்கிற ஒண்டை நானே இடிக்கிறதோ?” என்றார். அதைப் பாதுகாக்கக் கோரி அப்பாவும் நானுமாகக் கட்டடப் பாதுகாப்புக் கந்தோருக்கு விண்ணப்பித்தோம். பாதுகாக்கப்பட்டால் இடிக்க முடியாது. இது சித்தப்பாவுக்குத் தெரியும்.

அந்த நான்காம் நாளுக்குப் பின் வைத்தியசாலையில் அப்பா இரண்டு முறை கேட்டார்: “கரி பத்திரமே, பிள்ளை?” இரண்டு முறையும் ஓம் என்றேன். மிச்சமிருந்த நான்கு சோடிகளில் மூன்று போய்விட்டன. ஆகவே அந்தப் பதிலில் முக்கால் பங்கு பொய்.

இறுதிக் கிரியைகள் முடிந்தபின் சித்தப்பாவிடம் காரணம் கேட்டேன்.

“செத்தவீட்டுக்கு வாற சனத்தைக் கரிக்குள்ளயா இருத்துறது?”

“நீங்கள் கழுவேக்க அப்பா உயிரோட இருந்தவர்.”

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “உன்ர கொப்பரும்தானே முந்திக் கழுவினவர்?”

“ஓம். தெரியாமல் கழுவினவர். பிறகு சாப்பிடாமல் இருந்தவர். நீங்கள் கழுவிப்போட்டு இரண்டாம் தரம் சோறு வாங்கினனீங்கள்.”

குறித்த நாளில் கட்டடப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கழுவிய மரங்களைப் பார்த்து, “இவற்றைச் சான்றாக எழுத முடியாது” என்றார். நான் ஏணியில் ஏறி, அப்பாவின் பலகைகளைக் கழற்றினேன். பரணின் தளம் என்று நினைத்துச் சித்தப்பாவின் ஆட்கள் அவற்றை விட்டிருந்தார்கள். திருகாணிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அப்பா எண்ணெய் பூசியிருந்தார், ஒன்றுகூடத் துருப்பிடித்து இறுகியிருக்கவில்லை. மேலே கைமரங்கள் இரண்டும் தார்போலக் கறுத்து மினுங்கின. அதிகாரி நெடுநேரம் படம் எடுத்தார்.

அப்பாவைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், பீலெஃபெல்ட் நகரிலிருந்து சமைத்துக் கொண்டுவந்த அன்பர்களுக்கும், ஏணி தந்த பக்கத்துப் பண்ணை அம்மாவுக்கும் எங்கள் நன்றி. இயந்திரம் பிடித்த மூவரும் அப்பாவின் பெட்டியையும் தோளில் சுமந்தார்கள். சுமந்ததற்கு மட்டும் நன்றி.

தற்காலிகப் பாதுகாப்பு ஆணை வந்துவிட்டது. இறுதி முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை எவரும் இடிக்க முடியாது. பலகைகளைத் திரும்பப் பூட்டியிருக்கிறேன். கொட்டிலின் சாவி என்னிடம் இருக்கிறது.