ஒரு பெஞ்சு, ஒரே மார்க்கு

என் ரேங்க் கார்டை என்னைவிட மற்றவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். நான் முதல் ரேங்க் எடுக்கும்போதெல்லாம் கையெழுத்துப் போட்ட கையோடு கார்டை மில்லுக்கு எடுத்துப் போய்விடுவார். திரும்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவதற்குள் கேன்டீன்காரர் வரைக்கும் அதைப் பார்த்தாக வேண்டும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆறாம் வகுப்பில் அதற்கு ஆபத்து வந்தது. வத்திராயிருப்பிலிருந்து வந்துபோகும் புதுக் கணக்கு டீச்சர், அரைப்பரீட்சை நெருங்குகையில் ஒரு சட்டம் போட்டார். பெஞ்சுக்கு இரண்டு பேர். இருவரில் யார் குறைவாக எடுக்கிறாரோ, அவருடைய மார்க்குதான் இருவருக்கும். என் பெஞ்சில் பேச்சியம்மா. கணக்கில் ஒருமுறைகூடப் பாஸ் ஆகாதவள். பாதி வகுப்பு கொட்டாவியிலேயே கழியும். என் ரேங்க் போச்சு.

வீட்டில் போய் ஒப்பாரி வைத்தேன். அப்பா தலைமையாசிரியரிடம் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தார். "பார்க்கலாம்" என்றாராம் அவர். அம்மாவுக்கு அந்தப் பார்க்கலாமில் நம்பிக்கையில்லை.

"அழுது என்னட்டி ஆகப்போகுது? அந்தப் பிள்ளைய வீட்டுக்குக் கூட்டியாந்து சொல்லிக்குடு."

கூப்பிட்டேன். "எனக்கு ஏலாது. தார் சுத்தணும்" என்றாள் பேச்சியம்மா. மடவார் வளாகம் பக்கம் அவள் வீட்டில் தறி உண்டு. அவள் அப்பா நெய்ய நெய்ய, ராட்டையைச் சுற்றி நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றிக் கொடுப்பது இவள் வேலை. அதற்குத்தான் தார் சுற்றுவது என்று பெயர். பள்ளிக்கூடம் கிளம்பும்வரை சுற்றுவாள், திரும்பிப் போனதும் சுற்றுவாள். சரியென்று நானே போனேன். அவள் ராட்டை சுற்ற, நான் பக்கத்தில் உட்கார்ந்து பின்னக் கணக்கு சொன்னேன். விடையை யோசித்தால் நூல் அறுந்தது. நூலைப் பார்த்தால் விடை போனது.

"கணக்கு ஓடுனா நூலு ஓட மாட்டேங்குதே" என்று தறியிலிருந்து அவள் அப்பா அலுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ராட்டையை நான் பிடுங்கிக்கொண்டேன். நான் சுற்றிய தார் தறியில் ஏறியதும் நூல் கொத்தாகக் கழன்று தறியே நின்றுபோனது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தாயி, ஒங்க அய்யா அங்கன நூலாக்கி அனுப்புதாவ, நீ இங்கன உக்காந்து சிக்காக்குதியோ?"

பேச்சியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலைந்து நாளில் கை படிந்தது. நான் சுற்ற, அவள் தரையில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போட்டாள். கடகடவென்று போட்டாள். உட்கார ஒரு மணி நேரம் கிடைத்ததில்லை. அவ்வளவுதான் அவளுடைய மக்குத்தனம்.

பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பா பால்கோவாவோடு வந்தார். சட்டத்தை எடுத்துவிட்டார்களாம். அவரவர் மார்க்கு அவரவருக்கு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விரலை நக்கிக்கொண்டே பையைத் தூக்கினேன்.

"இனிமே எதுக்குட்டி அங்க போற?" என்றாள் அம்மா.

"இன்னைக்கு தசமக் கணக்கும்மா. நான் போகலைன்னா தாரு யாரு சுத்துவா?" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் ரேங்க் எனக்கே வந்தது. பேச்சியம்மாவும் பாஸ், அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு எங்கள் இருவருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். விடைத்தாள் கொடுத்த அன்று டீச்சர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சட்டத்தை எடுத்த பொறவும் அவ வீட்டுக்குப் போனியாமே?"

"இப்பவும் போறேன் டீச்சர்."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் அப்பாவிடம் தோற்று, போட்ட சட்டத்தை அத்தனை பேர் முன்னால் வாபஸ் வாங்கியவர், ஜெயித்த மாதிரி எதற்குச் சிரிக்கிறார்? பாவம், டீச்சருக்குச் சூடு சொரணையே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.