செல்வியின் கைக்கு ஒரு சாட்சி

சங்கத்துக்கு ஆள் சேர்க்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது தொண்டை. இதே வேலையில் அலைகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷம் காண்ட்ராக்டில் வேலை செய்தவள் நான். இப்போது ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி வேனில் போய்வரும் பெண்களைச் சேர்க்கிறேன். எல்லாரும் நேற்றுவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம்.

பாரம்

காலனியில் செல்வி வீட்டுக்கு, சங்கத்தில் சேரும் பாரத்தோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். டீ கொடுத்தாள், பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: கையெழுத்துப் போட்டால் காண்ட்ராக்டர் வேனில் ஏற்றுவானா? எனக்குப் பொய் வரவில்லை. ஏற்றாமலும் போகலாம் என்றேன். பாரத்தை மடித்து என் கையிலேயே வைத்தாள்.

"அக்கா, வேன்ல எடம் இருந்தாத்தான் ஊட்ல அடுப்பு எரியுது. உங்க சங்கத்துக்கு ஒரு வேன் வாங்கு, மொத ஆளா ஏறிக்கினு வரேன்."

புத்தூர்க் கட்டு

இரண்டு மாதத்தில், கம்பெனியில் சுமை ஏற்றிய ட்ராலி சரிந்து செல்வியின் வலது கை முறிந்தது. காண்ட்ராக்டர் தன் காரிலேயே புத்தூர் நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போடவைத்து, வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். நல்ல மனுஷன் என்றுதான் நானும் நினைத்தேன். கம்பெனி அடையாள அட்டையை நான் கேட்டபோதுதான் அழுதாள். காரிலேயே அவள் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டானாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்து என்று எழுதுவார்கள், கேஸ் வரும் என்பது அவன் கணக்கு.

காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். குரலே உயராமல் பேசினான்.

"அந்தப் பேர்ல எங்கிட்ட ஆளே இல்லம்மா. புத்தூருக்குக் கை ஒடிஞ்சு எத்தினியோ பேர் வராங்க, எல்லாம் என் ஆளா?"

பதினோராவது ஆள்

நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தோம். தொழிலாளர் துறை அதிகாரி தெலுங்கில் கேட்டது ஒன்றுதான்: "சாட்சி எவரு?" ட்ராலி சரிந்ததைப் பதினோரு பெண்கள் பார்த்திருந்தார்கள். பத்து வீடு ஏறினேன். ஒருத்தி மகள் கல்யாணம் என்றாள், ஒருத்தி அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொன்னாள், ஒருத்தி கதவையே திறக்கவில்லை. பதினோராவது ஆளான மங்கம்மா வீட்டுக்கு நான் போகவில்லை. சாக்கடைத் தகராறில் அவளுக்கும் செல்விக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை.

விசாரணை அன்று மங்கம்மா தானாகவே பஸ் ஏறி வந்து நின்றாள். உனக்கு இவள் உறவா, சிநேகமா என்று அதிகாரி கேட்டார்.

"இவகூட எனக்கு நாலு வருசமா பேச்சே இல்ல சார், இனிமேலும் இல்ல. ஆனா கை ஒடிஞ்சது என் கண்ணு முன்னாடி."

நிற்காத வேன்

செல்விக்கு நஷ்டஈடு கிடைத்தது. கையில் பலம் திரும்பவில்லை. இன்றும் வலது கையால் குடம் தூக்க முடியாது. விசாரணைக்கு மறுநாள் காலையே மங்கம்மா நிறுத்தத்தில் நிற்க, வேன் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

அந்த வாரம் வேர்க்கடலைக் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள், கூலிக்கு. இரண்டு சால் தள்ளி, இடது கையால் பிடுங்கிக்கொண்டு செல்வி. பேச்சு இல்லை. இருவரும் அன்று சங்கத்தில் சேர்ந்தார்கள். வேன் போனதில் வருத்தமா என்று மங்கம்மாவைக் கேட்டேன். நிமிராமலே சொன்னாள்.

"அவன் நிறுத்தமாட்டான், தெரியும். உள்ள பத்து பேர் குந்திக்கினு இருந்தாளுங்களே, ஒருத்தியாச்சும் நிறுத்துன்னு சொன்னாளா?"

தொழிலாளர் சங்கம் என்றுதான் பலகை எழுதி மாட்டியிருக்கிறோம், இதுவரை சேர்ந்தவர்கள் எல்லாரும் வேலை போனவர்கள்.