குறை சொல்லி விற்றவர்

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் வேலை பார்த்தபோது, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போனேன்.

"பாதி வழியில நின்னுரும் தம்பி. யோசிச்சு வாங்குங்க" என்றார்.

வியாபாரியே சரக்கைக் குறை சொல்கிறார் என்றால், வேறு யாரோ கூடுதல் விலை பேசிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? விடுவேனா! அவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்து வாங்கிக் கிளம்பினேன்.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. கிக்கரை உதைத்து ஓய்ந்தபோது, அவர் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் ஸ்பேனரோடு.

"இங்கனதான் நிக்கும்னு தெரியும். அதான் பின்னாடியே வாரேன். வேண்டாம்னா துட்டைத் திருப்பித் தாரேன்."

"ஏன் அண்ணாச்சி, வேற ஆளு கேக்காகளோ?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டிப் பக்கம் குனிந்தார்.

இப்போதும் யாராவது உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அப்புறம்தான் அந்தப் புளியமரம் ஞாபகம் வருகிறது.