கல்யாணசுந்தரம் பாஸ் போட்ட பாட்டுப்பெட்டி

புனேயில், கோர்படிப் பக்கம் கல்யாணசுந்தரத்தைத் தெரிந்த யாரும் அவருக்குப் பரிசுப் பொருள் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கொடுத்தவர் கண் முன்னாலேயே அதைக் கீழே போட்டுப் பார்ப்பார்.

அது அவர் குணமில்லை, உத்தியோகம். ராணுவத்துக்கு வாங்கும் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் அலுவலகத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தண்ணீர்க் குப்பி, டார்ச், பூட்ஸ், கொசுவலை என்று எது வந்தாலும் குலுக்குவார், சூடாக்குவார், நனைப்பார், உயரத்திலிருந்து போடுவார். அதற்குப் பிறகும் அது உருப்படியாக இருந்தால் பாஸ். பெரும்பாலும் இருக்காது. ஃபெயில் என்று எழுதி அடியில் கோடு போடும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். பென்ஷன் வந்த பிறகு சோதிக்க ராணுவச் சாமான் இல்லை, வீட்டுச் சாமான்தான் இருந்தது. மகன் தருண் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் கொதிக்கிற ரசத்தில் ஃபெயில் ஆனது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பாட்டு கேட்கும் ஆசை வந்தது.

காலையில் பக்கத்துப் பொதுத் தோட்டத்தைச் சுற்றி நடக்கும்போது ஃபோனில் நாதஸ்வரம் கேட்பார். ஒரு நாள் தோடி மேலே மேலே ஏறி உச்சியைத் தொடப் போகிற நேரத்தில், ஒரு பெண் குரல் காதுக்குள் ஹிந்தியில், "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்று கேட்டது. கல்யாணசுந்தரம் அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கோதையிடம் சொன்னார். "தனியா ஒரு பிளேயர் வாங்கப் போறேன். பாட்டு பாடணும். ரயில்ல திருச்சி போறப்ப படம் காட்டணும். அவ்ளோதான். அதுக்குள்ளேர்ந்து ஒரு மனுஷனும் பேசக் கூடாது."

கராடியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தருண் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சிரித்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் பேசினால் நடுநடுவே வண்டி நிற்கும். "அப்பா, அது இப்ப... யாரும் யூஸ் பண்றது இல்ல. ஃபோனை ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, பஸ், போதும்."

"போட்டேன்டா. உங்கம்மா என்னைக் காணோம்னு வாட்ச்மேனை அனுப்பிட்டா."

கேம்ப் கடைவீதியில் சலீம் என்பவர் ஒரு கடை வைத்திருந்தார். ரேடியோ, ஹெட்ஃபோன், பழைய டேப் ரெக்கார்டருக்கு ரப்பர் பெல்ட் என்று வேறெங்கும் கிடைக்காதது அங்கே கிடைக்கும். கல்யாணசுந்தரம் கேட்டதும் வெள்ளி நிறத்தில் மெலிதான ஒரு பிளேயரை எடுத்து, அதிலேயே நாலைந்து பாட்டும் ஏற்றிக் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்த்துப் பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கல்யாணசுந்தரத்தின் உத்தியோகம் என்னவென்று சலீமுக்குத் தெரியாது.

மறுநாள் காலை கோதை சட்னி அரைக்கச் சமையலறைக்குப் போனாள். மிக்ஸியின் வயிற்றில் ரப்பர் பேண்டு போட்டு ஏதோ கட்டியிருந்தது. அதிலிருந்து வயலின் கேட்டது.

"ஏங்க, இது என்ன?"

"அதிர்வுச் சோதனை. நீ பாட்டுக்கு அரை."

கோதை அரைத்தாள். வயலின் ஒரு சுற்று சுற்றியது, பிறகு இருமியது, பிறகு அடங்கியது. கல்யாணசுந்தரம் முகத்தில் பழைய களை வந்தது. "ஃபெயில்!" என்றார். தேங்காய் இன்னும் சரியாக அரைபடவில்லை.

கடைக்குப் போய் அதற்கான விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றார். சலீம் வெள்ளிப் பிளேயரைப் புரட்டிப் பார்த்தார். அதன் ஓரத்தில் கொத்தமல்லி ஒட்டியிருந்தது.

"அங்கிள், இதை என்ன பண்ணீங்க?"

கல்யாணசுந்தரம் விவரமாகச் சொன்னார். அடுத்ததாகச் செய்ய நினைத்திருந்தவற்றையும் சொன்னார். சலீம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கறுப்பாக, தடியாக ஒன்று இருந்தது. திரையின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளில் அருவிப் படம்.

"இதை எடுத்துட்டுப் போங்க. ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். அப்போது அவர் கல்யாணசுந்தரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. முதல் பிளேயரைப் பாடவிட்டபடி குலுக்கியது தன் தவறு என்று கல்யாணசுந்தரத்துக்குத் தோன்றியிருந்தது. முதலில் உடம்பு, உடம்பு தேறினால்தான் பாட்டு. அதுவரை அருவித் தாளைக்கூட உரிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

மிக்ஸியில் கட்டினார். இட்லி மாவு, சட்னி, மிளகாய்ப்பொடி எல்லாம் அரைத்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பால்கனியிலிருந்து போட்டார். கீழே நின்ற ஸ்கூட்டரின் சீட்டில் விழுந்து, குதித்து, வாட்ச்மேனின் டீ கிளாஸைத் தள்ளிவிட்டு நின்றது. கிளாஸ் ஃபெயில். பிளேயருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரிக்‌ஷாவில் ஏறி, பிளேயரைக் கயிற்றில் கட்டி வெளியே தொங்கவிட்டபடி கவடே ரோடு முழுக்கப் போய் வந்தார். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம், "அவுர் ஜோர்சே, பாவ்!" என்று இன்னும் வேகமாகப் போகச் சொன்னார். ரிக்‌ஷாக்காரர் அவரை இறக்கிவிட்ட பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அடுத்த நாள் டிஃபன் நேரத்தில் கோதை குரல் கொடுத்தாள். "ஏங்க, இட்லிக்கு நடுவுல கறுப்பா என்னவோ இருக்கே!"

"தொடாதே! இன்னும் வேகலை."

வெந்தது. துடைத்து ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தார். வெளியே எடுத்தபோதும் அருவி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணசுந்தரம் நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ பொருள்களைப் பார்த்தவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கண் கலங்கியது. அலுவலகக் காலத்தில் உபயோகித்த அதே நடையில், ஒரு வெள்ளைத்தாளில் சான்றிதழ் எழுதினார். 'இதற்கு நிகரான பொருளை என் பணிக்காலம் முழுவதிலும் கண்டதில்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். ஃபெயில் இல்லாததால் அடிக்கோடு போட இடம் தெரியாமல் தன் பெயருக்குக் கீழே போட்டார்.

செய்தி தோட்டத்து நண்பர்களுக்குப் போனது. பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற சுப்ரமணியனும் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பரமசிவமும் முதலில் நம்பவில்லை. அவர்கள் தினமும் உட்காரும் சிமெண்டு பெஞ்சையே ஃபெயில் போட்டவர் கல்யாணசுந்தரம்.

"நீங்களே பாஸ்னு சொல்றீங்கன்னா, எனக்கும் ஒண்ணு வேணும்யா" என்றார் சுப்ரமணியன்.

"எனக்கும்" என்றார் பரமசிவம்.

அன்றைக்கே கிளம்பினார்கள். ரவிக்கைக்கு லைனிங் துணி வாங்க வேண்டும் என்று கோதையும் கூட வந்தாள்.

கடைக்குள் நான்கு பேர் நுழைவதைப் பார்த்ததும் சலீம் எழுந்து நின்றார். கல்யாணசுந்தரம் கறுப்புப் பிளேயரைக் கண்ணாடி மேஜையின் மேல் வைத்து, பக்கத்தில் சான்றிதழை விரித்து, அதை ஹிந்தியில் வரிக்கு வரி சொன்னார். கேட்கக் கேட்கச் சலீமின் கை தானாகக் காதுமடலைப் பிடித்துக்கொண்டது.

"இதே மாடல்ல இன்னும் ரெண்டு குடு" என்றார் கல்யாணசுந்தரம்.

"முதல்ல ஒரு பாட்டைப் போடுங்க, கேப்போம்" என்று சுப்ரமணியன் பிளேயரை எடுத்து அமுக்கினார். "என்னய்யா, பட்டனே அமுங்கலையே?"

"உறுதின்னா அப்படித்தான்."

பரமசிவம் நகத்தால் அருவித் தாளை உரித்தார். அருவி முழுசாக வந்துவிட்டது. அடியில் திரை இல்லை, வெறும் கறுப்பு பிளாஸ்டிக்தான் இருந்தது.

சலீம் இரண்டு கையும் கூப்பினார். "அங்கிள், மாஃப் கரோ. அது ஷோகேஸ் பீஸ். கண்ணாடிக்குள்ள வைக்கிற டம்மி. உள்ள ஒண்ணுமே கிடையாது. சாயந்தரமே நீங்க வந்து சண்டை போடுவீங்க, சிரிச்சிட்டு நல்லதா ஒண்ணு தரலாம்னு இருந்தேன். நீங்க வரவே இல்ல. நான் என்ன பண்றது?"

கல்யாணசுந்தரம் பிளேயரைக் காதருகே வைத்துக் குலுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. சான்றிதழை எடுத்தார், ஒருமுறை படித்தார், மடித்தார்.

முதலில் கோதைதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். "இட்லித் தட்டுல... வெந்துதா, வெந்துதான்னு... மூணு தடவை பார்த்தாரு!" அவளால் மேலே சொல்ல முடியவில்லை. சுப்ரமணியன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சலீம்" என்றார் கல்யாணசுந்தரம்.

"சொல்லுங்க அங்கிள்."

"இந்த டம்மியை யார் பண்றாங்க?"

"தெரியாது அங்கிள். கம்பெனி அனுப்பறது."

"விசாரிச்சு அவங்களுக்குச் சொல்லு. ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க."

சலீம் தலையாட்டினார். பரமசிவம் தயங்கியபடி அருகில் வந்தார். "அந்தக் காலிப்பெட்டியை எனக்குக் குடுங்களேன். வீட்ல பேரன் எதைக் குடுத்தாலும் உடைச்சுடறான்."

கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியில் இருந்த ஒரு சிவப்புப் பிளேயரைக் காட்டி, "பையா, கானா லகாவ்" என்றாள். சலீம் போட்டார். பாட்டு வந்தது. படம் போடச் சொன்னாள். படமும் வந்தது. "டீக் ஹை" என்று அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

கல்யாணசுந்தரம் கையை நீட்டினார். "ஒரே ஒரு நிமிஷம் குடு. சும்மா, இவ்ளோ உயரத்திலேர்ந்து..."

"இது என்னோடது" என்றாள் கோதை. "நீங்க வேணா பக்கத்துல நின்னு கேக்கலாம்."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. காலையில் தோட்டத்தில் பிளேயர் கோதையின் பையில், ஒயர் இருவருக்கும் நடுவில், ஆளுக்கு ஒரு காது. கோதை வேகமாக நடப்பவள். அவர் ஒரு எட்டு பின்தங்கினால் தோடி கழன்று விழுந்துவிடும். அதனால் அவரும் வேகமாக நடக்கிறார், மூச்சு வாங்குகிறது. சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

ஒரு நாள் மட்டும், செருப்பில் புகுந்த கல்லை எடுக்கக் கோதை குனிந்தபோது, பைக்குள் கை விட்டுக் கட்டைவிரலால் பிளேயரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"தூசி" என்றார்.