பதினேழு என்ற குரல்

ஆசிரியர் அறையில் என் மேசை லாச்சிக்குள் ஒரு விசில் கிடக்கிறது. வெள்ளி நிறம் தேய்ந்து உள்ளே பித்தளை தெரியும். நாடாவுக்குப் பதிலாக ஒரு பச்சைச் சப்பாத்துக் கயிறு. வெற்றுத்தாள் எடுக்க லாச்சியை இழுக்கும்போது அது உருண்டு வந்து விரலில் முட்டினால் போதும், தாளை எடுக்காமலே லாச்சியை மூடிவிடுவேன். நாற்பத்தாறு வயதில் ஒரு விசிலுக்குப் பயப்படுகிறாளே என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். ஹுன்னஸ்கிரிய மலையில் அன்று பனிக்குள் நின்றவள் நான், அவரல்ல.

விசில் எங்கள் விளையாட்டு டீச்சருடையது. கெலிஓயாவிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கண்டிக்கு வருவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அபாயாவுக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து, தலையை மூடிய சால்வைக்கு மேல் அந்த விசில். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சிரிப்பும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அங்குள்ள பாடசாலை மைதானத்தில் கூடாரம் அடித்து, இரண்டு நாள் கூலியில்லாப் பொதுவேலையாகச் சிரமதானம் செய்ய வைப்பார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு தடவை, ஹுன்னஸ்கிரியவுக்கு, அவருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். வெண்கட்டியைத் தவிர வேறெதையும் தூக்கியறியாத தமிழ் டீச்சர் நான்.

பஸ்ஸிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிடுவார். விசில் கேட்டதும் வரிசையில் நின்று, ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை அவரவர் இலக்கத்தை அவரவரே சொல்ல வேண்டும். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேறொரு கலையும் தெரியும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, வராத சிநேகிதிக்காகக் குரலை மாற்றி ‘பிரசன்ட் மிஸ்’ சொல்லும் கலை. அதைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பாடசாலையில் பெயர் எடுத்திருந்தேன்.

இரண்டாம் நாள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலேயிருந்த குடிதண்ணீர்த் தாங்கியைக் கழுவினோம். பிள்ளைகள் பாசியைப் பிரஷால் உரசி உரசி எடுத்தார்கள். மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறியது, தூறலும் தொடங்கியது. விளையாட்டு டீச்சர் விசில் அடித்தார். பதினான்கு. பதினைந்து. பதினாறு. பதினேழு.

கடைசி இரண்டும் ஒரே குரல். இரண்டாவது கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு விளங்கியது. ஆனால் காலெல்லாம் அட்டை, உடம்பெல்லாம் நடுக்கம். எப்படியாவது கூரைக்குக் கீழே போய்விட வேண்டும் என்றிருந்தது. பதினேழு யாருக்காவது பின்னால் குனிந்து சப்பாத்துக் கட்டுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்திரண்டு வந்தது.

“சரியா டீச்சர்?” என்று விளையாட்டு டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சரி மிஸ்” என்றேன்.

தோட்டப் பாடசாலைக்கு வந்து பிளேன்டீ கொடுத்தபோது ஒரு கோப்பை மிஞ்சியது. மூலையிலிருந்த பதினாறாம் இலக்கம் அழத் தொடங்கினாள். “அவ பிரஷை மறந்துட்டா மிஸ். ஓடிப்போய் எடுத்துட்டு வாறேன்னு சொன்னா. ஏச்சு விழும்னுதான் அவ இலக்கத்தையும் நானே சொன்னேன்.”

முந்தின நாள் காலையில் பஸ் எங்கள் பாடசாலை வாசலில் நின்றபோது, அந்தப் பிள்ளையின் அம்மா அவளுடைய பையை என் கையில் தந்து, “பாத்துக்குங்க மிஸ்” என்று சொன்னது ஞாபகம் வந்தது.

கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் கையில் தடியோடு எங்களுக்கு முன்னால் நடந்தார். தாங்கியடிக்குப் போனோம். பிள்ளை இல்லை. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு டீச்சர் விசில் அடித்தார், நின்று கேட்டார், மறுபடி அடித்தார். நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“கத்தாதீங்க டீச்சரம்மா. விசிலும் அடிக்காதீங்க. சத்தத்தக் கேட்டுப் புள்ள நேரா வந்துச்சுன்னா நடுவுல பள்ளம். அதுல போயிரும்.”

விளையாட்டு டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். அதுவரை எத்தனை தடவை அடித்திருப்பார்? ஒவ்வொரு தடவைக்கும் அவள் எத்தனை அடி வைத்திருப்பாள்? சத்தமில்லாமல் தேயிலை வரிசைகளுக்குள் நடந்தோம். நான் வாய்க்குள் ஜெபமாலை சொன்னேன். பக்கத்தில் அவர் உதடு வேறு மொழியில் அசைந்தது. நாற்பது நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு வரிசையின் கடைசியில், தேயிலைச் செடியொன்றைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கையில் பிரஷ். ஒரு காலில் சப்பாத்து இல்லை. அவளுக்கு அப்பால் இரண்டு அடி தள்ளிச் செடியில்லை, மண்ணில்லை, வெள்ளை மட்டுந்தான்.

“விசில் கேட்டுச்சு மிஸ். அந்தப் பக்கமாத்தான் வந்தேன். கால் வழுக்கி ஒரு சப்பாத்து கீழ விழுந்துருச்சு. விழுந்த சத்தமே கேக்கல்ல” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அதிகம் அழுதேன்.

கண்டிக்குத் திரும்பியதும், பாடசாலை அதிபரின் அறையில் நான் வாயைத் திறக்குமுன், “எண்ணினது நான். பிழை என்னுடையது” என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகாம்களை நிறுத்தினார்கள். வருட முடிவில் அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் வாங்கிப் போனார். போகும்போது விசிலை என் மேசையில் வைத்தார். சில வருடங்கள் கழித்து முகாம்கள் திரும்பத் தொடங்கியபோது பொறுப்பு என் தலையில் விழுந்தது.

என் பிழையை அவர் சுமந்தார் என்ற எண்ணம் பன்னிரண்டு வருடமாக என்னைத் தின்றது. போன மாதம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன். ஓய்வு பெற்று, கொஞ்சம் மெலிந்திருந்தார். இரண்டு குரலும் ஒன்றென்று அன்றே எனக்குத் தெரியும் என்று சொல்லி முடித்தேன். அவர் கோப்பையைக் கதிரைக் கையில் வைத்தார்.

“எனக்கும் கேட்டிச்சி டீச்சர்” என்றார். “மழைக்கு முந்தி உள்ளுக்குப் போயிடணும்னு ஈந்திச்சி. அதாலதான் உங்கக்கிட்ட கேட்டேன். நீங்க சரின்னு செல்வீங்கண்டு தெரியும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கேட்ட காது ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் பொறுப்பான காதுகள்.

இந்தக் கிழமை முப்பத்துநான்கு பிள்ளைகளோடு மறுபடி மலைக்குப் போனேன். விசிலை லாச்சிக்குள்ளேயே விட்டுவிட்டேன். வரிசையில் நடந்து ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, தலையைத் தொட்டு எண்ணினேன். முப்பத்துநான்கு. உடனே திரும்பி முதல் பிள்ளையிடம் போனேன்.

“சரியாத்தானே மிஸ் வந்திச்சு?” என்று அவள் சிணுங்கினாள்.

சரியாகத்தான் வந்தது. அன்றும் சரியாகத்தான் வந்தது. அவள் தலையில் கையை வைத்து, ஒன்று என்று தொடங்கினேன்.