ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம்

பருப்பு முழுதாக வேகும் முன்பே அம்மா கரண்ட் அடுப்பை அணைத்துவிடுவாள். கொதிக்கிற பானையைப் பழைய போர்வையில் சுற்றி மூலையில் வைப்பாள்; மீதி அதுவாகவே வெந்துவிடும். விடுதியிலிருந்து வரும் ஒவ்வொரு விடுமுறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு மருத்துவமனையில் துணி வெளுக்கும் வேலை. மாடியில் ஒற்றை அறை. மீட்டர் கீழே, வீட்டுக்காரம்மாவுக்கும் எங்களுக்கும் பொது. கரண்டும் வாடகையிலேயே அடக்கம். அப்பா இறந்து அந்த அறைக்குக் குடிவந்தபோதே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார்: "ஒண்டியா இருக்கிறதுன்னா இரும்மா. ஆள் கூடினா பில் எகிறும், எனக்குக் கட்டுப்படியாகாது." அப்படித்தான் நான் விடுதிக்குப் போனேன்.

அம்மா ஒரு கணக்குப் போட்டாள். "நம்ம செலவைப் பாதியாக்கிட்டா, நீ வந்தாலும் பில் பழையபடியே நிக்கும்ல?"

"நான் என்ன பல்பா, எரியறதுக்கு?"

"உன் வாய் ஒண்ணு போதாதா?"

அறையில் விளக்குப் போடாமல் மாடிப்படி வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். மின்விசிறியை மறந்தாள். எதற்காக என்று மட்டும் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லவில்லை. "இப்பவே கேட்டா முடியாதுன்னுடுவாங்க. முதல்ல குறைச்சுக் காட்டிட்டு அப்புறம் கேக்கணும்."

மறு வருடம், "பெட்டியோட வந்துடு" என்றாள். போனேன். கீழே பின்னறையில் தையல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"உங்கம்மா மாதிரி ஆள் கிடைக்கணுமே! பில் அவ்வளவு இறங்கிடுச்சு. அந்தத் தைரியத்துலதான் பின்னறையை டெய்லருக்கு விட்டேன். மோட்டார் ஓடியும் பில் பழையபடியேதான் நிக்குது."

"நல்லதுக்கா," என்றாள் அம்மா. கேட்க வந்ததைக் கேட்காமலே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

மேலே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மட்டும் சரின்னிருப்பாங்களா?"

இவ்வளவு படித்த நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்பது இன்றும் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து பெட்டி விடுதிக்கே திரும்பியது. பேருந்தில் ஏற்றிவிடும்போது, "வேற வீடு பார்த்துடறேன் கண்ணு," என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையின் முடிவிலும் அதையே சொன்னாள். நான் பட்டம் வாங்கிய வருடம் இறந்துபோனாள்.

விடுமுறை அல்லாத ஒரு நாள். அவள் வேலை முடிந்து வர, நான் வகுப்பு முடிந்து வர, எதற்கோ சண்டை போட்டு, பேசாமலே படுத்துத் தூங்கும் வெறும் வார நாள். ஒவ்வொரு முறை பேருந்தேற்றும்போதும் அப்படி ஒன்றைத்தான் எனக்குத் தருவதாகச் சொன்னாள். அது இன்னும் பாக்கி.