இரண்டு மடங்குக் கண்ணூறு

கல்பிட்டியில் வெள்ளைக்காரருக்கு அறை கொடுக்கிற ஜெஸீமா ராத்தாவுக்கு அவர்களுடைய கதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எதைக் கண்டாலும் இன்னொன்றோடு வைத்து அளப்பார்கள்.

“நம்மட வளவுல போன வருசத்தவிட ரெண்டு மடங்கு கோழியாம்,” என்று மகள் றிப்னா, இந்த வருசமும் வந்து தங்கியிருந்த இங்கிலாந்துக்காரியின் பேச்சைத் தமிழில் சொன்னாள்.

“கண்ணூறு படாதா? ஒரு மாஷா அல்லாஹ் சொன்னா வாய் தேஞ்சா போகும்?”

“மெச்சித்தானே சொல்றாங்க, உம்மா.”

“மெச்சுறதுக்கு அளவு என்னத்துக்கு புள்ள?”

அதற்குள் இங்கிலாந்துக்காரி ராத்தாவின் பேரனைத் தூக்கிவிட்டாள். தன் பேரனைவிட இரண்டு மடங்கு பாரமாம்!

ராத்தா பிள்ளையைப் பறித்தெடுத்தாள். “ஓம், உங்கட பேரனவிட பத்து மடங்கு வடிவும்தான்!”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

அன்று பொழுதுபட்டு மஃரிபுக்கு, கண்ணூறு கழியப் பிள்ளைக்குச் செத்தல் மிளகாய் சுற்றியபோது, இங்கிலாந்துக்காரியைத் திட்டித் திட்டியே, தன் கண்ணுக்கும் சேர்த்துச் சுற்றினாள்.